மாநகராட்சிப் பணியாளர் விவரம் கேட்கும் மனு: முதன்முறை எழுதுவோருக்கு

தெருவில் குப்பை வண்டி நான்கு நாட்களாக வரவில்லை என்று வார்டு அலுவலகத்தில் போய்ச் சொன்னால், பெரும்பாலும் கிடைக்கும் பதில் "ஆள் பற்றாக்குறை" என்பதுதான். அந்த வார்டுக்கு எத்தனை தூய்மைப் பணியாளர் பணியிடங்கள் அனுமதிக்கப்பட்டுள்ளன, அவற்றில் எத்தனை காலியாக உள்ளன, மீதமுள்ளவர்களில் எத்தனை பேர் அங்கேயே வேலை செய்கிறார்கள், எத்தனை பேர் பெயரளவில் அங்கிருந்து வேறிடத்தில் பணியாற்றுகிறார்கள் என்பவற்றை ஆவணமாகப் பெறும் வழியைத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 தருகிறது. தமிழ்நாட்டு மாநகராட்சி ஒன்றில் வார்டு அளவிலான பணியாளர் விவரம் கேட்பதை எடுத்துக்காட்டாகக் கொண்டு, மனு எழுதுவது முதல் மேல்முறையீடு வரையிலான நடைமுறையை இங்கே விளக்குகிறேன்.

என் முதல் மனுவில் நான் செய்த பிழையை முதலில் சொல்லிவிடுகிறேன். "எங்கள் தெரு ஏன் ஒழுங்காகப் பெருக்கப்படுவதில்லை? இதற்குப் பொறுப்பான அதிகாரி யார், அவர் மீது என்ன நடவடிக்கை எடுக்கப்படும்?" என்று எழுதியிருந்தேன். "கோரப்படுவது ஆவண வடிவில் உள்ள தகவல் அல்ல" என்று ஒரே வரியில் பதில் வந்தது. கோபம் வந்தாலும், சட்டப்படி அந்தப் பதில் சரியே. அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கும் ஆவணத்தைத்தான் இச்சட்டத்தின் கீழ் கேட்க முடியும் என்றும், பொதுத் தகவல் அலுவலர் (இத்தகைய மனுக்களைப் பெற்றுப் பதில் தரும் அலுவலர்) புதிதாகத் தகவலை உருவாக்கவோ, காரணம் கற்பிக்கவோ, கருத்துச் சொல்லவோ கடமைப்பட்டவர் அல்லர் என்றும் உச்ச நீதிமன்றம் 2011-இல் தெளிவாக்கியிருக்கிறது. "ஏன்" என்று தொடங்கும் கேள்வியை எழுதும் முன், அதற்கான விடை எந்தப் பதிவேட்டில் இருக்கும் என்று யோசித்து, அந்தப் பதிவேட்டின் நகலைக் கேட்க வேண்டும்.

முதல் படி: கேட்காமலேயே கிடைக்க வேண்டியது எது என்று பாருங்கள்

சட்டத்தின் பிரிவு 4(1)(பி), மாநகராட்சி போன்ற ஒவ்வொரு பொது அதிகார அமைப்பும் பதினேழு வகைத் தகவல்களை யாரும் கேட்காமலேயே வெளியிட வேண்டும் என்கிறது. அவற்றில் இரண்டு நமக்கு முக்கியமானவை. ஒன்பதாவது வகை, அலுவலர்கள், பணியாளர்கள் அனைவரின் விவரப் பட்டியல். பத்தாவது வகை, அவர்கள் ஒவ்வொருவரும் பெறும் மாத ஊதியம். மாநகராட்சியின் இணையதளத்தில் தகவல் உரிமைச் சட்டக் கையேடு என்ற பெயரில் இது இருக்கக்கூடும். பல இடங்களில் அந்தக் கையேடு ஆண்டுக்கணக்கில் புதுப்பிக்கப்படாமல் கிடக்கிறது. பணி ஓய்வு பெற்றவர்கூட அதில் இன்னும் பணியில் இருப்பார். ஆனாலும் அதை ஒருமுறை பார்த்துப் பதிவிறக்கம் செய்து வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பிரிவு எந்தப் பதிவேட்டைப் பராமரிக்கிறது என்பதை அதிலிருந்து ஓரளவு ஊகிக்கலாம். பழைய பட்டியலாக இருந்தால், "பிரிவு 4(1)(பி)-இன்படி வெளியிடப்பட வேண்டிய பட்டியலின் இன்றைய வடிவம்" என்று மனுவிலேயே கேட்டுவிடலாம்.

இரண்டாம் படி: ஆளைக் கேட்காமல் பணியிடத்தைக் கேளுங்கள்

பணியாளர் தொடர்பான மனுக்கள் பெரும்பாலும் தோற்பது இந்த இடத்தில்தான் என்பதால், இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

குறிப்பிட்ட ஓர் ஊழியரின் பெயரைச் சொல்லி, அவருடைய பணிப் பதிவேடு, விடுப்பு விவரம், அவருக்குக் கொடுக்கப்பட்ட குறிப்பாணைகள், பெற்ற தண்டனைகள், சொத்து விவரம் ஆகியவற்றைக் கேட்டால், பிரிவு 8(1)(ஜே)-இன் கீழ் அது தனிப்பட்ட தகவல் என்று மறுக்கப்படும். இத்தகைய விவரங்கள் ஊழியருக்கும் அவரை நியமித்த அமைப்புக்கும் இடைப்பட்டவை என்றும், பரந்த பொதுநலன் காட்டப்பட்டாலன்றித் தரத் தேவையில்லை என்றும் உச்ச நீதிமன்றம் 2012 அக்டோபரில் தீர்ப்பளித்தது. ஒரு வங்கிக் கிளையின் எழுத்தர்களின் இடமாறுதல் விவரங்களைக் கேட்ட வழக்கிலும் 2017-இல் இதே நிலைப்பாட்டை எடுத்தது. பிறகு, மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023-இன் வழியாக இந்தப் பிரிவே திருத்தப்பட்டு, அத்திருத்தம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்துவிட்டது. பொதுச் செயல்பாட்டோடு தொடர்பில்லாத, அல்லது அந்தரங்கத்தில் தேவையற்று நுழைகிற தகவலை மட்டுமே மறுக்கலாம் என்று முன்பு இருந்த நிபந்தனைகள் நீக்கப்பட்டு, "தனிப்பட்ட தகவல்" என்றாலே மறுக்கலாம் என்ற அளவுக்கு அது சுருங்கிவிட்டது. மக்கள் பக்கம் இருந்த ஒரு கதவைப் பாதி சாத்திவிட்டார்கள் என்பதே என் எண்ணம்.

இருந்தாலும் இரண்டு வழிகள் மிச்சமிருக்கின்றன. பிரிவு 4 திருத்தப்படவில்லை என்பதால், பெயர், பதவி, மாத ஊதியம் ஆகியவை இன்றும் அலுவலகம் தானாகவே வெளியிட வேண்டிய தகவல்களே. அடுத்ததாக, பாதுகாக்கப்படும் நலனுக்கு ஏற்படும் தீங்கைவிடப் பொதுநலன் மேலோங்கினால் விலக்களிக்கப்பட்ட தகவலையும் தரலாம் என்கிற பிரிவு 8(2) அப்படியே நிற்கிறது. எனவே மனுவைப் பணியிடத்தைச் சுற்றி அமைப்பதே பாதுகாப்பானது. "இந்த மேற்பார்வையாளர் ஜனவரியில் எத்தனை நாள் வந்தார்?" என்று கேட்காமல், "இந்த வார்டின் தூய்மைப் பணியாளர் வருகைப் பதிவேட்டின் ஜனவரி மாதப் பக்கங்கள்" என்று கேளுங்கள். பெயர்களைத் தரத் தயங்கினால், பிரிவு 10-இன்படி அப்பகுதியை மட்டும் மறைத்துவிட்டு மீதியைத் தரும்படியும் சேர்த்து எழுதுங்கள்.

வீட்டு முகவரி, கைபேசி எண், ஆதார், சாதி, மருத்துவ விடுப்புக்கான காரணம் ஆகியவற்றை ஒருபோதும் கேட்காதீர்கள். அவை கிடைக்கா என்பது ஒருபுறமிருக்க, விடியற்காலையில் துடைப்பத்தோடு தெருவில் நிற்கும் மனிதருக்கு உங்கள் மனு தொல்லையாக முடியக் கூடாது. பதிலில் பெயர்கள் வந்தாலும், அந்தத் தாளைப் படமெடுத்துக் குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் போடுவது தவறு என்றே நான் கருதுகிறேன். உங்களுக்குத் தேவைப்படுவது எண்ணிக்கையே.

மூன்றாம் படி: மனு எழுதுதல்

தமிழில் கையால் எழுதினாலே போதுமானது. தகவல் எதற்கு வேண்டும் என்ற காரணத்தைச் சொல்ல வேண்டியதில்லை என்று பிரிவு 6(2) கூறுகிறது. கேட்டாலும் சொல்ல வேண்டாம். பொதுத் தகவல் அலுவலரின் பெயர் தெரியாவிட்டால் பதவியைக் குறிப்பிட்டாலே மனு போய்ச் சேரும். மனுவின் உடல் இப்படி அமையலாம்:

"பெறுநர்: பொதுத் தகவல் அலுவலர், ______ மாநகராட்சி, மைய அலுவலகம், ______.

பொருள்: தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005, பிரிவு 6(1)-இன் கீழ் தகவல் கோருதல் – தொடர்பாக.

இந்தியக் குடிமகனாகிய / குடிமகளாகிய நான், கீழ்க்காணும் ஆவணங்களின் சான்றொப்பமிட்ட நகல்களைக் கோருகிறேன்.

1. வார்டு எண் ______-க்கு அனுமதிக்கப்பட்ட தூய்மைப் பணியாளர், மேற்பார்வையாளர் பணியிடங்களின் எண்ணிக்கையைக் காட்டும் ஆணை அல்லது பதிவேட்டுப் பக்கம்.

2. 31.01.2026 அன்றைய நிலவரப்படி அவற்றில் நிரப்பப்பட்ட, காலியாக உள்ள பணியிடங்களின் எண்ணிக்கையைக் காட்டும் ஆவணம்.

3. மேற்கண்ட வார்டிலிருந்து வேறு வார்டுக்கோ அலுவலகத்துக்கோ மாற்றுப் பணியில் அனுப்பப்பட்டவர்களின் எண்ணிக்கையும், அதற்கான ஆணைகளின் நகலும்.

4. 2026 ஜனவரி மாதத்துக்கான வருகைப் பதிவேட்டுப் பக்கங்களின் நகல்.

5. வரிசை எண் 4-இல் கண்ட பதிவேட்டை நேரில் பார்வையிடுவதற்கான நாளும் நேரமும்.

விலக்களிக்கப்பட்ட பகுதி ஏதேனும் இருப்பின், பிரிவு 10-இன்படி அதை நீக்கி எஞ்சியதை வழங்கவும்."

மூன்றாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். "ஆள் பற்றாக்குறை" என்ற பதிலுக்குப் பின்னாலுள்ள கதை பல நேரங்களில் அந்த மாற்றுப்பணி ஆணைகளில்தான் இருக்கிறது.

காலத்தையும் இடத்தையும் சுருக்கிக் கேட்பதும் முக்கியம். "கடந்த பத்து ஆண்டுகளுக்கு, மாநகராட்சி முழுவதும்" என்று கேட்டால், அலுவலகத்தின் ஆற்றலை அளவுக்கு மீறித் திருப்பிவிடும் என்று பிரிவு 7(9)-ஐக் காட்டுவார்கள். அந்தப் பிரிவு, கேட்ட வடிவத்தில் தர இயலாவிட்டால் வேறு வடிவத்தில் தரச் சொல்கிறதே தவிர, தகவலையே மறுக்கச் சொல்லவில்லை. ஆனால் அதை வாதாடி நிறுவுவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். ஒரு வார்டு, ஒரு மாதம் என்று தொடங்குவது நல்லது.

துப்புரவுப் பணி தனியாருக்கு ஒப்பந்தத்தில் விடப்பட்டிருந்தால் கேள்விகளை மாற்ற வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளர்களின் பட்டியலைக் கேட்டால் "அது ஒப்பந்ததாரரிடம் உள்ளது" என்று பதில் வரக்கூடும். அதற்குப் பதிலாக, எத்தனை பேரை வேலைக்கு அமர்த்த வேண்டும் என்று கூறும் ஒப்பந்த ஆவணத்தையும், அந்த மாதத்துக்காகப் பணம் கோரி ஒப்பந்ததாரர் சமர்ப்பித்த பட்டியலையும் (பில்), அதனுடன் இணைக்கப்பட்ட வருகை, வருங்கால வைப்புநிதிச் செலுத்துகை ஆகியவற்றின் நகலையும் கேளுங்கள். மாநகராட்சி பணம் கொடுத்திருக்கிறது என்றால், எதைப் பார்த்துக் கொடுத்தது என்பதற்கான தாள் அங்கே இருந்தாக வேண்டும்.

நான்காம் படி: கட்டணமும் அனுப்புதலும்

தமிழ்நாட்டில் விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய். மனுவின் மேல்பகுதியில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டி அனுப்புவதே எளிய வழி. நீதிமன்ற வளாகங்களுக்கு அருகே உள்ள முத்திரைத்தாள் விற்பனையாளர்களிடம் அது கிடைக்கும். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்கள் அதற்கான சான்றின் நகலை இணைத்தால் கட்டணம் இல்லை. நேரில் கொடுத்தால், உங்கள் நகலில் தேதியுடன் அலுவலக முத்திரை பெறாமல் திரும்பாதீர்கள். பதிவுத் தபால் 2025-இல் விரைவு அஞ்சலோடு இணைக்கப்பட்டுவிட்டதால், தபாலில் அனுப்புவோர் விரைவு அஞ்சலில் அனுப்பி, அது சேர்ந்த நாளைக் காட்டும் பக்கத்தை அச்சிட்டு வைத்துக்கொள்ள வேண்டும். கெடு கணக்கிடப்படுவது அந்த நாளிலிருந்துதான்.

மனு தவறான துறைக்குப் போய்விட்டது என்று திருப்பி அனுப்புவது சட்டப்படி சரியல்ல. கேட்ட தகவல் வேறொரு பொது அதிகார அமைப்பிடம் இருந்தால், பெற்றவரே ஐந்து நாட்களுக்குள் அதை அங்கே மாற்றி அனுப்பி உங்களுக்கும் தெரிவிக்க வேண்டும் என்று பிரிவு 6(3) கூறுகிறது.

ஐந்தாம் படி: முப்பது நாள் காத்திருப்பு

மனு கிடைத்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். நகலுக்கான பக்கக் கட்டணத்தைச் செலுத்தச் சொல்லி இடையில் ஒரு கடிதம் வரலாம். அந்தக் கடிதம் அனுப்பப்பட்ட நாள் முதல் நீங்கள் பணம் கட்டும் நாள் வரையுள்ள காலம் 30 நாட்களில் சேராது என்பதால், தாமதிக்காமல் கட்டிவிடுங்கள். சாதாரண அளவுத் தாளுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். கெடு தாண்டிய பிறகு தரும் தகவலுக்குப் பக்கக் கட்டணம் வாங்கக் கூடாது என்று பிரிவு 7(6) சொல்கிறது.

பார்வையிட அழைத்தால் கட்டாயம் போங்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் கிடையாது. நகலில் தெரியாதவை மூலப் பதிவேட்டில் தெரியும்: ஒரே பேனாவால், ஒரே கையெழுத்தில், மாதம் முழுவதற்கும் ஒரே மூச்சில் போடப்பட்ட வருகைக் குறிகளை ஒளிநகலில் கண்டுபிடிப்பது அரிது. குறிப்பெடுக்க உங்களுக்கு உரிமை உண்டு; எந்தப் பக்கத்தின் நகல் வேண்டுமென்று அங்கேயே எழுதிக் கொடுத்துவிட்டு வரலாம்.

ஆறாம் படி: மேல்முறையீடு

பதிலே வராவிட்டாலும், அரைகுறையாக வந்தாலும், மறுக்கப்பட்டாலும் அடுத்த 30 நாட்களுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் மேல்முறையீடு செய்ய வேண்டும். மனு மார்ச் 3 அன்று சேர்ந்திருந்தால் பதிலுக்கான கெடு ஏப்ரல் 2. பதில் வராத நிலையில் முதல் மேல்முறையீட்டுக்கான கடைசி நாள் மே 2. இதை நாட்காட்டியில் குறித்து வையுங்கள், ஏனெனில் பலர் "இன்னும் கொஞ்சம் பார்ப்போம்" என்றே இந்த நாளைத் தவறவிடுகிறார்கள். மேல்முறையீட்டில் புதிய கேள்வி எதையும் சேர்க்கக் கூடாது. எந்த வரிசை எண்ணுக்குப் பதில் வரவில்லை, மறுப்பு ஏன் பொருந்தாது என்பதை மட்டும் எழுதுங்கள். பிரிவு 8(1)(ஜே)-ஐக் காட்டி மறுத்திருந்தால், நீங்கள் கேட்டது பணியிடங்களின் எண்ணிக்கையே என்பதையும், பிரிவு 4(1)(பி), 8(2), 10 ஆகியவற்றையும் அங்கே எடுத்துக்காட்டலாம்.

மேல்முறையீட்டு அலுவலர் 30 நாட்களுக்குள், காரணம் பதிவு செய்தால் அதிகபட்சம் 45 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதிலும் தீர்வு கிடைக்கவில்லையென்றால், 90 நாட்களுக்குள் தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு செய்யலாம். தகுந்த காரணமின்றித் தகவல் தராத பொதுத் தகவல் அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம், 25,000 ரூபாய் வரை தண்டம் விதிக்கும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு. விசாரணைக்கு அழைப்பு வர மாதக்கணக்கில் ஆகும். அதனால் முதல் மனுவின் நகல், முத்திரை அல்லது அஞ்சல் சேர்ந்ததற்கான சான்று, வந்த பதில்கள், அவற்றின் உறைகள், முதல் மேல்முறையீட்டின் நகல் ஆகிய அனைத்தையும் தேதி வரிசையில் ஒரே கோப்பில் வைத்திருங்கள். உறையைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம். கடிதத்தில் போட்டிருக்கும் தேதிக்கும் அது உண்மையில் அஞ்சலில் சேர்க்கப்பட்ட தேதிக்கும் இடையே எத்தனை நாள் இருக்கிறது என்பதை அதன் மேலுள்ள அஞ்சல் முத்திரைதான் சொல்லும்.