ஏரி பார்க்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

வட தமிழகத்தில் ஏரி, தெற்கே கண்மாய் அல்லது குளம். பெயர் எதுவானாலும், வயலுக்குத் தண்ணீர் தேக்கிக் கொடுக்க மனிதர்கள் மண்ணைக் கொட்டிக் கட்டியது அது. இயற்கையாய் அமைந்த நீர்நிலை என்று நினைத்து வருகிறவர்கள்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். கரை எங்கே, பாசனத்துக்குத் தண்ணீர் திறந்துவிடும் மதகு எங்கே, ஏரி நிரம்பினால் மிச்ச நீர் வழியும் கலிங்கு எங்கே என்று முதலில் பார்த்துக்கொண்டால் பாதித் தவறுகள் நடக்காது.

ஓரத்தில் ஆழம் இருக்காது என்று நம்புவது

கடலிலும் ஆற்றிலும் பொதுவாக ஓரம் ஆழம் குறைவு, போகப் போக ஆழம். ஏரியில் கரைப் பக்கம் இதற்கு நேர்மாறு. சரிவான நிலத்தின் தாழ்ந்த பக்கத்தில் குறுக்கே மண்ணைப் போட்டுத்தான் ஏரிக்கரை எழுப்பியிருப்பார்கள். ஆகவே தண்ணீர் அதிகம் நிற்பது கரையை ஒட்டியே. நாம் நடந்து போவதும், உட்கார்ந்து கால் நனைப்பதும் அந்தக் கரையில்தான். உட்சரிவில் அலை அரிக்காமல் இருக்கக் கல் பதித்திருப்பார்கள். தண்ணீர் படும் கல் முழுக்கப் பாசி. ஒரு கால் வழுக்கினால் அடுத்த கால் ஊன்ற இடம் இருக்காது.

எதிர்ப்புறம், அதாவது தண்ணீர் வந்து சேரும் உள்வாய்ப் பக்கம், ஆழம் குறைவுதான். ஆனால் அங்கே வேறு ஆபத்து. கோடையில் வண்டல் மண்ணும் சவுடு மண்ணும் எடுத்த குழிகள் மழைக்காலத்தில் நீருக்கடியில் மறைந்துவிடும். மண்வெட்டியால் வெட்டிய குழிக்குச் சரிவு இருக்கும். பொக்லைன் வெட்டிய குழி சுவர் மாதிரி செங்குத்தாக இறங்கும். முழங்கால் தண்ணீரில் நடந்துகொண்டிருந்தவர் அடுத்த அடியில் தலைக்கு மேல் மூழ்குவது இப்படித்தான். மேலே நின்று பார்த்தால் இரண்டு இடமும் ஒரே நிறம்.

மதகு திறந்திருக்கும் நாட்களில் அதன் அருகே இறங்கவே கூடாது. மேற்பரப்பு அசையாமல் கிடக்கும். அடியில் மதகின் கண்வழியே, அதாவது நீர் வெளியேறும் துவாரம் வழியே, நீர் இழுத்துக்கொண்டு போகும். கலிங்கு வழிந்தால் ஊரே வேடிக்கை பார்க்கத் திரளும். அப்போது வழியும் நீரின் குறுக்கே நடந்து போட்டோ எடுப்பதுதான் மோசமான யோசனை. கணுக்கால் அளவு தண்ணீரே பாசி பிடித்த தளத்தில் காலை வாரிவிடும், கீழே தண்ணீர் விழுந்து விழுந்து குடைந்த பள்ளம் இருக்கும்.

யாராவது விழுந்துவிட்டால் பின்னாலேயே குதிப்பது அடுத்த தவறு. மூழ்குகிறவர் கைக்கு எட்டுவதைப் பிடித்து அமுக்குவார். காப்பாற்றப் போனவரும் சேர்ந்து போவது இதனால்தான். கரையில் குப்புறப் படுத்துக்கொண்டு துப்பட்டா, வேட்டி, நீளமான கழி எதையாவது நீட்டலாம். எட்டாத தூரமென்றால் மூடி இறுக்கிய காலி 5 லிட்டர் தண்ணீர் கேனைக் கயிற்றில் கட்டி வீசுங்கள், பிடித்துக்கொண்டு மிதக்க அது போதும். கேனும் பத்து மீட்டர் கயிறும் வண்டியில் இருந்தால் நல்லது. வெளியே எடுத்ததும் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்கப் பார்ப்பதும், தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் நேரத்தை வீணாக்கும், வாந்தி மூச்சுக்குழாயில் போகவும் வழி செய்யும். 108-ஐ அழைக்கச் சொல்லிவிட்டு, மூச்சு இல்லையென்றால் மல்லாக்கப் படுக்கவைத்து, மூக்கைப் பிடித்து வாய்வழியாக மூச்சு கொடுங்கள். பிறகு நெஞ்சின் நடுவில் 30 அழுத்தம், 2 மூச்சு என்று ஆம்புலன்ஸ் வரும்வரை மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும்.

தவறான மாதம், தவறான நேரம்

ஏரிகளை நிரப்புவது பெரும்பாலும் அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழைதான். ஏப்ரல், மே விடுமுறையில் குழந்தைகளோடு கிளம்பினால் பல ஏரிகளில் வெடித்த சேறும் கருவேல மரமும்தான் இருக்கும். வேடந்தாங்கலுக்கு நவம்பர் முதல் மார்ச் வரை போகலாம். மழை பொய்த்த ஆண்டில் அங்கேயும் பறவை குறைவுதான், கிளம்பும் முன் தண்ணீர் இருக்கிறதா என்று விசாரித்துவிடுவது மேல்.

நேரத்தில் பலரும் கவனிக்காத ஒன்று வெயிலின் திசை. கிழக்குக் கடற்கரை மாவட்டங்களில் நிலம் கிழக்கு நோக்கிச் சரிவதால், கரை பெரும்பாலும் ஏரியின் கிழக்குப் பக்கம் இருக்கும். காலையில் கரைமேல் நின்றால் சூரியன் முதுகுக்குப் பின்னால். பறவையின் நிறம் துல்லியமாகத் தெரியும். அதே இடத்தில் சாயங்காலம் நின்றால் கண் கூசும், நாரையும் கொக்கும் வெறும் நிழலுருவம்தான். காலை ஆறு மணிக்குக் கரையில் இருப்பவருக்கு 8x42 பைனாகுலர் (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 42 மி.மீ.) ஒன்று போதும்.

கூட்டுக்குப் பக்கத்தில் போவது

நீர்க்கடம்பிலும் கருவேலத்திலும் கூடு கட்டியிருக்கும் கூழைக்கடாவும் நத்தைக்குத்தி நாரையும் மனிதர் நெருங்கினால் எழுந்து பறக்கும். ‘கூட்டமாகப் பறக்கிற மாதிரி ஒரு போட்டோ’ என்று கை தட்டுகிறவர்களைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. தாய் எழுந்த கூட்டில் இறகு முளைக்காத குஞ்சு நேர்வெயிலில் கிடக்கும். மரத்தில் காத்திருக்கும் காகத்துக்கு முட்டையைத் தூக்க சில நொடி போதும். ட்ரோனை மேலே வட்டமிடும் பருந்தைப் பார்ப்பது போலத்தான் பறவைகள் பார்க்கும். பறவைகள் தலையைத் தூக்கி உங்களையே பார்க்கத் தொடங்கினால் அதற்கு மேல் ஓரடியும் எடுத்து வைக்காதீர்கள்.

சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்குக்கூடப் பட்டாசு வெடிப்பதில்லை. திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்தில் வீடுகளுக்கு நடுவே இருக்கும் மரங்களிலேயே கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. அப்படிப்பட்ட ஊருக்குள் காரில் பாட்டை அலறவிட்டுக்கொண்டு போனால் ஊர்க்காரர்கள் ஏசத்தான் செய்வார்கள். பறவை எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும்.

கரையில் அடுப்பு மூட்டுவது

பனை மரம் நிற்கும் கரையில் புகை போடாதீர்கள். மட்டைகளுக்கிடையே கதண்டு என்ற பெரிய விஷக்குளவி கூடு கட்டியிருந்தால் புகை பட்டதும் கூட்டமாக இறங்கும். பலர் சேர்ந்து கொட்டுப்பட்டு உயிர் போன சம்பவங்கள் உண்டு. துரத்தினால் கையை வீசாமல், முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு தூரமாக ஓட வேண்டும். பல இடத்தில் கொட்டியிருந்தால் வலி குறையட்டும் என்று காத்திருக்காமல் நேராக ஆஸ்பத்திரிக்கு. இடி கேட்டாலும் அந்தத் தனிப் பனையடியில் ஒதுங்கக் கூடாது. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 வரை எண்ண முடியாவிட்டால் மின்னல் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. கரையை விட்டு இறங்கிக் காருக்குள் போய்விடுங்கள்.

கரைப் புதரில் கண்ணாடி விரியன் இருக்கும், செருப்பைவிட ஷூ நல்லது. தண்ணீரில் நீந்துவது பெரும்பாலும் நீர்க்கோலி, விஷமில்லாதது. அதற்காகக் கையில் பிடித்துப் பார்க்க வேண்டாம்.

பாட்டிலை உடைத்துவிட்டுப் போகிறவர்களுக்கு ஒரு தகவல்: தண்ணீர் வடிந்ததும் அதே உள்வாயில் மாடு மேயும், ஆட்கள் வெறுங்காலோடு நடப்பார்கள். காலில் புண் இருப்பவர்களும் தண்ணீரில் இறங்க வேண்டாம், எலிக்காய்ச்சல் கிருமி அந்த வழியாக நுழையும்.

ஊரோடு வரும் தகராறு

தூண்டில் போடும் முன் கேளுங்கள். பல ஏரிகளில் மீன்பாசி, அதாவது மீன் பிடிக்கும் உரிமை, குத்தகைக்கு விடப்பட்டிருக்கும். குத்தகைதாரர் பணம் கட்டி மீன்குஞ்சு விட்டு வளர்த்த மீன் அது. பொழுதுபோக்காகப் பிடித்தாலும் திருட்டாகத்தான் பார்ப்பார்கள். கரையில் இருக்கும் அய்யனார் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுவதும் மண்குதிரை மேல் ஏறாமல் இருப்பதும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வண்டியை எங்கே நிறுத்துவது என்பதில்தான் வாய்த்தகராறு அதிகம் வரும். மழை பெய்து ஊறிய கரைமேல் காரை ஓட்டினால் சக்கரத்தடம் பள்ளமாகி, அடுத்த மழையில் தண்ணீர் அதில் ஓடிக் கரையை அறுக்கும். மதகுக்கு இறங்கும் பாதையை மறித்தால் பாசனத்துக்குத் திறக்க வருகிற நீர்க்கட்டியோ (வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்சும் ஊர்ப் பணியாளர்) விவசாயியோ உங்களைத் தேடி அலைய வேண்டும். கரை தொடங்கும் இடத்திலேயே, டிராக்டர் தாராளமாகத் திரும்ப வழி விட்டு நிறுத்திவிட்டு நடந்து போங்கள்.