ஹேவ்லாக்கில் ஸ்கூபா: திரும்பி வரும் டிக்கெட்டிலிருந்து தொடங்குங்கள்

அந்தமானுக்கு ஸ்கூபா (முதுகில் சிலிண்டரைக் கட்டி, அதன் காற்றைச் சுவாசித்தபடி கடலில் மூழ்குவது) போகிறவர்கள் போகிற டிக்கெட்டை முதலில் போட்டுவிட்டு, மீதியை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். கணக்கைப் பின்னாலிருந்து போட வேண்டும். ஆழத்தில் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் உடல் திசுக்களில் கரைந்து தங்கும். அது வெளியேறி முடிவதற்குள் விமானம் ஏறினால், கேபினில் அழுத்தம் குறையும்போது சோடா பாட்டிலைத் திறந்தது போலக் குமிழிகள் கிளம்பும். மூட்டு வலியோடு போகலாம், கை கால் மரத்தும் போகலாம். ஒரே ஒருமுறை மூழ்கியிருந்தால் குறைந்தது 12 மணி நேரம், பல முறை மூழ்கியிருந்தால் 18 மணி நேரம் இடைவெளி வேண்டும். 24 என்று வைத்துக்கொண்டால் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஹெலிகாப்டரும் இதில் விமானம்தான்.

திறந்த கடல் பயிற்சிக்கு, அதாவது 18 மீட்டர் வரை போக அனுமதிக்கும் 'ஓப்பன் வாட்டர்' சான்றிதழுக்கு, ஏழு நாள் ஒதுக்குங்கள். முதல் நாள் சென்னையிலிருந்து காலை விமானம், இரண்டே கால் மணி நேரத்தில் போர்ட் பிளேர் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்). பிற்பகல் கப்பலில் ஹேவ்லாக், இப்போதைய பெயர் ஸ்வராஜ் தீவு. விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது; இரண்டுக்கும் நடுவே மூன்று மணி நேரமாவது விடுங்கள். இரண்டாம் நாள் முதல் நான்கு நாள் பயிற்சி. ஆறாம் நாள் தண்ணீரில் இறங்காமல் போர்ட் பிளேர் திரும்பி அங்கே தங்கல், ஏழாம் நாள் விமானம். கடல் கொந்தளித்துக் கப்பல் ரத்தானால் தாங்குவது அந்த ஆறாம் நாள்தான். பாடப் பகுதியை வீட்டிலேயே ஆன்லைனில் முடித்துவிட்டால் ஒரு நாள் மிச்சமாகும். சான்றிதழுக்கு 200 மீட்டர் நீச்சலும் 10 நிமிட மிதப்பும் உண்டு. நீச்சல் தெரியாதவர்கள் பயிற்சியாளர் பிடித்து அழைத்துப்போகும் ஒருநாள் முயற்சியோடு நிறுத்திக்கொள்ளலாம். அதில் 12 மீட்டர்தான் எல்லை.

மாதம் என்றால் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை கடல் பெரும்பாலும் அமைதி. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, போகாதீர்கள். மாதத்துக்குள் தேதியைத் தேர்ந்தெடுக்க வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரே போதும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய இரண்டு மூன்று நாட்களில் ஓதம் (கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கம்) பெரிதாகி நீரோட்டம் இழுக்கும், தண்ணீரும் கலங்கும். அரை நிலா நாட்களில் கடல் அடங்கியிருக்கும். நல்ல காரியத்துக்கு ஆகாது என்று ஒதுக்குகிற அஷ்டமி, நவமிதான் ஸ்கூபாவுக்குச் சுபமுகூர்த்தம்.

கிளம்புவதற்கு முன் மருத்துவக் கேள்வித்தாளை உண்மையாக நிரப்புங்கள். ஆஸ்துமா, வலிப்பு, இதய நோய், காது அறுவை இவற்றில் ஒன்று இருந்தாலும் ஊரிலேயே மருத்துவரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். அங்கே போய் 'ஆம்' என்று டிக் அடித்தால் கரையில்தான் உட்கார வேண்டும். கர்ப்பிணிகள் மூழ்கக் கூடாது. பயணக் காப்பீடு பலவற்றில் ஸ்கூபா விலக்கப்பட்டிருக்கும். எத்தனை மீட்டர் வரை பொருந்தும் என்று பாலிசியில் பாருங்கள்.

பயணத்தைக் கெடுப்பது சுறா அல்ல, சளி; மூக்கிலிருந்து காதுக்குக் காற்றுப் போகும் வழியை அது அடைத்துவிடும். முதல் 10 மீட்டருக்குள் அழுத்தம் இரட்டிப்பாகிவிடுவதால் காது அடிபடுவது மேற்பரப்புக்குப் பக்கத்தில்தான். மூக்கைப் பிடித்துக்கொண்டு மூக்கு வழியாக மெதுவாக ஊதிச் சமன்செய்ய வேண்டும். ஆரம்பத்தில் அரை மீட்டருக்கு ஒருமுறை, அதுவும் வலி வருவதற்கு முன்பே. வலித்தால் ஒரு மீட்டர் மேலே வந்து மறுபடி முயலுங்கள். முக்கி ஊதினால் உள்காது சேதமாகும். மூக்கடைப்பு மருந்தைப் போட்டுக்கொண்டு இறங்குவதும் வினைதான்: ஆழத்தில் மருந்து தீர்ந்துவிட்டால், மேலே வரும்போது விரியும் காற்று வெளியேற வழியில்லாமல் மாட்டிக்கொள்ளும்.

எல்லாக் கருவியும் வாடகைக்குக் கிடைக்கும். சொந்தமாக ஒன்றே ஒன்று வாங்குவதானால் மாஸ்க் வாங்குங்கள். பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் உறிஞ்சுங்கள். கையை எடுத்த பிறகும் விழாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் அது உங்கள் மாஸ்க். புதிய கண்ணாடியில் கண்ணுக்குத் தெரியாத சிலிக்கோன் படலம் இருக்கும்; வெள்ளைப் பற்பசையால் உள்பக்கம் நன்றாகத் தேய்த்துக் கழுவாவிட்டால் பனி மூடிக்கொண்டே இருக்கும். மீசைக்காரர்களுக்கு மாஸ்க் ஒழுகும். மூக்குக்குக் கீழே மேல் விளிம்பை மட்டும் கொஞ்சம் மழித்தால் போதும், முழு மீசையைப் பலி கொடுக்க வேண்டாம். கண்ணாடி போடுபவர்கள் பவர் மாஸ்க் இருக்கிறதா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

தண்ணீரில் அமிழ்வதற்காக உடம்பில் கட்டும் எடைக் கட்டியில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். கூடுதலாகக் கட்டினால் பவளத்தின் மேல் போய் விழுவீர்கள், காற்றும் சீக்கிரம் தீரும். மிதக்க உதவும் ஜாக்கெட்டிலுள்ள காற்றை முழுவதும் விட்டுவிட்டு, சாதாரணமாக மூச்சை இழுத்துப் பிடித்தால் தண்ணீர் கண் மட்டத்தில் நிற்க வேண்டும். மூச்சை விட்டதும் மெல்ல அமிழ வேண்டும். முழு சிலிண்டரோடு சோதித்தால் அதன்மேல் 2 கிலோ சேர்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் சிலிண்டர் 200 பாரிலிருந்து (பார் என்பது அழுத்த அளவு) 50 பாருக்கு வரும்போது காற்றே அவ்வளவு எடை குறைந்துவிடும்.

அந்தக் காற்று எத்தனை நிமிடம் வரும்? 200 பார் நிரப்பிய 11 லிட்டர் சிலிண்டரில் 50 பாரை இருப்பாக விட்டால் 1,650 லிட்டர். கரையில் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பவர் 10 மீட்டரில் 40 லிட்டர் இழுப்பார்: 41 நிமிடம். 20 மீட்டரில் 60 லிட்டர்: 27 நிமிடம். பவளத்தின் நிறமும் மீன் கூட்டமும் மேலேதான் அதிகம் என்பதால் ஆழத்துக்கு ஆசைப்பட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. மூழ்கும் இடங்களில், முதல் முயற்சிக்குக் கரையிலிருந்தே நடந்து இறங்கும் நீமோ ரீஃப். சான்றிதழ் பெற்ற பிறகு லைட்ஹவுஸ், அக்வேரியம். டிக்சன்ஸ் பினக்கிள், ஜானிஸ் கார்ஜ் இரண்டும் ஆழமும் நீரோட்டமும் உள்ளவை. அடுத்த நிலைச் சான்றிதழான 'அட்வான்ஸ்டு' முடித்துவிட்டுப் போங்கள்.

டைவிங் சென்டரில் விலைக்கு முன் கேட்க வேண்டியவை: ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர், படகில் ஆக்சிஜன் இருக்கிறதா, ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிட்டுக் காட்டும் டைவ் கம்ப்யூட்டர் ஆளுக்கொன்று உண்டா. இழுக்கிற பதில் வந்தால் அடுத்த கடை. இறங்குவதற்கு முன் அழுத்தமானியைப் பார்த்தபடியே, வாயில் கவ்விச் சுவாசிக்கும் ரெகுலேட்டரில் நான்கு முறை ஆழமாக இழுங்கள். முள் ஆடினால் சிலிண்டர் வால்வு முழுவதும் திறக்கவில்லை. எண்ணெய் வாடை வந்தால் அந்தச் சிலிண்டர் வேண்டாம்.

படகில் வாந்தி வருபவர்கள் மாத்திரையை ஊரில் ஒருமுறை சாப்பிட்டுப் பாருங்கள். அவோமின் பலருக்குத் தூக்கம் வரவைக்கும், அந்த மயக்கத்தோடு இறங்கக் கூடாது. காலையில் இரண்டு இட்லி போதும். தண்ணீரில் மூச்சை அடக்கவே கூடாது. மேலே வரும்போது நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மிகாமல் வந்து, 5 மீட்டரில் மூன்று நிமிடம் நில்லுங்கள்.

கடைசியாகப் பெட்டி. கரையில் ஒதுங்கிக் கிடக்கும் செத்த பவளத்துண்டையும் எடுக்காதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பவளம் இருக்கிறது. போர்ட் பிளேர் விமான நிலைய ஸ்கேனரில் அது பளிச்சென்று தெரியும்.