ஒரே பெயரில் இரண்டு கருவி: விண்டோஸில் யூனிக்ஸைக் குடிவைக்கும்போது செய்யும் தவறுகள்

விண்டோஸின் கட்டளைச் சாளரமான கமாண்ட் பிராம்ப்டில் 'ஃபைண்ட்' என்று அடித்தால் கோப்புக்குள் இருக்கும் சொல்லைத் தேடும். நிரல் மாற்றங்களைக் கணக்கு வைக்கும் கிட்டோடு வரும் யூனிக்ஸ் பாணிச் சாளரமான கிட் பாஷில் அதையே அடித்தால் கோப்பையே தேடும். பெயர் ஒன்று, ஆள் வேறு. விண்டோஸில் யூனிக்ஸ் கருவிகளை நிறுவியவர்கள் படும் பாட்டில் பாதி இதிலிருந்துதான் வருகிறது.

எந்த ஆள் வருவார் என்பதை முடிவு செய்வது, கருவிகளைத் தேட வேண்டிய ஃபோல்டர்களை வரிசையாகச் சொல்லும் பாத் என்கிற பட்டியல். அதில் முன்னால் இருக்கும் ஃபோல்டருக்கே முதல் மரியாதை. கிட்டை நிறுவும்போது யூனிக்ஸ் கருவிகளையும் பாத்தில் சேர்க்கட்டுமா என்று ஒரு தேர்வு வரும். விண்டோஸின் ஃபைண்ட், சார்ட் மறைந்துபோகும் என்ற எச்சரிக்கையும் கூடவே இருக்கும். அதைப் படிக்காமல் அந்தத் தேர்வைக் குறித்துவிடுவதுதான் முதல் தவறு. நடுவில் இருக்கும் தேர்வே போதும். கிட் மட்டும் எல்லா இடத்திலும் கிடைக்கும்.

இதில் மோசமானது 'லிங்க்'. நிரலின் துண்டுகளை ஒன்றாக இணைக்கும் மைக்ரோசாஃப்டின் சி++ லிங்கருக்கும் அதே பெயர், யூனிக்ஸில் ஹார்டு லிங்க் (ஒரே கோப்புக்கு இன்னொரு பெயர்) போடும் குட்டிக் கருவிக்கும் அதே பெயர். கிட் பாஷுக்குள் இருந்து ரஸ்ட் மொழி நிரலை பில்ட் செய்தால் சில நேரம் குட்டி முந்திக்கொண்டு, புரியாத பிழைச் செய்தி ஒன்றைக் கக்கும். கம்பைலரைத் திட்டிப் பயனில்லை. கமாண்ட் பிராம்ப்டில் 'வேர்' (where) கட்டளையும், பாஷில் 'டைப்' கட்டளையோடு '-ஏ'யும் கொடுத்துப் பாருங்கள்; அந்தப் பெயரில் எத்தனை பேர், யார் முதலில் என்று தெரிந்துவிடும். விண்டோஸின் இன்னொரு கட்டளைச் சாளரமான பவர்ஷெல்லில் 'வேர்' என்பதற்கு வேறு பொருள். அங்கே கடைசியில் '.எக்ஸி' சேர்க்க வேண்டும்.

பாத்தைத் திருத்த 'செட்எக்ஸ்' கட்டளையைத் தொடாதீர்கள். 1024 எழுத்துக்கு மேல் போனால் மீதியை வெட்டிவிடும். நானும் ஒரு முறை வாலை இழந்து, ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து மீட்டிருக்கிறேன். செட்டிங்ஸில் உள்ள என்விரான்மென்ட் வேரியபிள்ஸ் பெட்டியிலேயே திருத்துங்கள்.

அடுத்தது வரி முடிவு. விண்டோஸ் ஒவ்வொரு வரியையும் இரண்டு எழுத்தால் முடிக்கும், யூனிக்ஸ் ஒன்றால். கிட்டின் தானியங்கி வரி முடிவு மாற்றம் இயங்கி, ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் (கட்டளைகளை எழுதி வைத்த கோப்பு) விண்டோஸ் முடிவோடு லினக்ஸுக்குள் போனால், கண் முன்னால் இருக்கும் பாஷையே 'அப்படி ஒன்று இல்லை' என்று சாதிக்கும். ஒவ்வொருவர் கணினியிலும் அமைப்பை மாற்றிக்கொண்டிருக்காமல், கிட் பராமரிக்கும் புராஜெக்ட் ஃபோல்டரான ரெப்போவுக்குள் ஒரு கிட்ஆட்ரிபியூட்ஸ் கோப்பு வைத்து, ஷெல் ஸ்கிரிப்ட்களுக்கு எல்எஃப் எனப்படும் யூனிக்ஸின் ஓரெழுத்து முடிவுதான் என்று எழுதிவிடுங்கள்.

சி டிரைவுக்கும் ஊருக்கொரு முகவரி: கிட் பாஷில் '/சி', யூனிக்ஸ் கருவிகளின் இன்னொரு தொகுப்பான சிக்வினில் '/சிக்டிரைவ்/சி', விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல்லில் '/எம்என்டி/சி'. ஒன்றுக்கு எழுதிய ஸ்கிரிப்டை இன்னொன்றில் ஓட்டாதீர்கள். கிட் பாஷ் சாய்வுக்கோட்டில் தொடங்கும் எதையும் விண்டோஸ் முகவரியாக மாற்றப் பார்க்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். நிரலைத் தனிப் பெட்டிக்குள் ஓட்டும் டாக்கருக்கு '/ஆப்' என்று கொடுத்தால் அது புரோகிராம் ஃபைல்ஸுக்குள் இருக்கும் கிட் ஃபோல்டராக மாறிப் போய்ச் சேரும். முன்னால் இரண்டு சாய்வுக்கோடு போட்டால் பெரும்பாலும் விட்டுவிடும்.

டபிள்யூஎஸ்எல் 2 வைத்திருப்பவர்கள் புராஜெக்டை சி டிரைவில் வைத்துவிட்டு லினக்ஸ் மெதுவாக இருக்கிறது என்று புலம்புவதுண்டு. டபிள்யூஎஸ்எல் 2 என்பது உண்மையான லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) ஓடும் ஒரு மெய்நிகர் கணினி; சி டிரைவின் ஒவ்வொரு கோப்பும் எல்லை தாண்டித்தான் அங்கே போக வேண்டும். ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகள் உள்ள நோட் மாட்யூல்ஸ் போன்ற ஃபோல்டர் என்றால் கேட்கவே வேண்டாம். லினக்ஸ் கருவியால் தொடுவதை லினக்ஸின் சொந்த ஹோம் ஃபோல்டரிலேயே வையுங்கள்.

அப்புறம், வேறு கணினியோடு பாதுகாப்பாக இணைக்கும் எஸ்எஸ்எச். விண்டோஸோடு ஒன்று வருகிறது, கிட்டோடு இன்னொன்று. ஒன்றின் ஏஜென்டில் (சாவியை நினைவில் வைத்திருக்கும் நிரல்) சாவியைச் சேர்த்துவிட்டு, மற்றது ஏன் திரும்பத் திரும்பக் கடவுச்சொற்றொடர் கேட்கிறது என்று குழம்ப வேண்டாம். சாவியை விண்டோஸின் ஏஜென்டில் சேர்த்து, கிட்டின் கான்ஃபிகில் விண்டோஸின் எஸ்எஸ்எச் இருக்கும் முகவரியைக் கொடுத்தால் கேள்வி நின்றுவிடும்.