ஒகேனக்கல் குடிநீரைக் கொண்டு அரசியல் கருத்தியல்களைப் படிப்பது எப்படி

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களும் நூலக வாசகர் வட்டங்களில் கூடுபவர்களும் அரசியல் கருத்தியல்களைப் பெரும்பாலும் வரையறைகளிலிருந்தே தொடங்குகிறார்கள். தாராளவாதம் என்றால் சுதந்திரம், சமதர்மம் என்றால் சமத்துவம் என்று எழுதிவைத்துக்கொண்டு போனால், இவ்விரண்டும் வேண்டாம் என்று மேடையில் சொல்லும் கட்சி ஒன்றுகூட நம் நாட்டில் இல்லையே என்ற இடத்தில் படிப்பு நின்றுவிடும். ஒரு கருத்தியல் எதைப் போற்றுகிறது என்பதைவிட எதற்கு அஞ்சுகிறது என்று கேட்டால் அதன் தனித்தன்மை விரைவில் புலப்படும். அக்கேள்வியையும் பொத்தாம்பொதுவாகக் கேட்காமல், நன்கு அறிந்த ஓர் உள்ளூர்ச் சிக்கலை முன்வைத்துக் கேட்க வேண்டும்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்தார்க்குக் குடிநீரைவிடப் பொருத்தமான சிக்கல் இல்லை. போர்வெல் நீரில் பல இடங்களில் புளோரைடு, லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டியிருந்ததால் பற்களில் கறையும் எலும்புகளில் பாதிப்பும் உண்டாயின. அதற்கு மாற்றாக, ஜப்பானியக் கடனுதவியுடன் உருவாகி 2013இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், காவிரி நீரைச் சுத்திகரித்து இரு மாவட்டங்களுக்கும் கொண்டுவந்தது. ஒரு நோட்டின் முதல் பக்கத்தில் இரண்டு கேள்விகளை எழுதிக்கொள்ளுங்கள். குழாயின் கடைசியில் இருக்கும் தெருவுக்கு நீர் வராதபோது முடிவெடுக்க வேண்டியவர் யார்? அம்முடிவு எந்த நியாயத்தின்படி அமைய வேண்டும்? முதலாவது மக்களாட்சிக் கோட்பாட்டுக்கு உரியது, இரண்டாவது கருத்தியல்களுக்கு உரியது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பலருக்கு இப்பாடம் கடினமாகத் தோன்றுகிறது.

முதல் கேள்விக்கு மிகச் சிக்கனமான விடை தந்தவர் பொருளியலாளர் ஜோசப் ஷும்பீட்டர். மக்களாட்சியில் மக்களின் வேலை ஆள்வதன்று, வாக்குக்காகப் போட்டியிடும் தலைவர்களுள் ஒரு தரப்பைத் தேர்வதே என்று அவர் 1942இல் வாதிட்டார். அதன்படி, நீர் வராத தெருவினர் அடுத்த தேர்தலில் ஊராட்சித் தலைவரை மாற்றலாம், அதற்குமேல் அவர்களுக்குப் பெரிய பங்கு இல்லை. இறைமையை, அதாவது நாட்டின் உச்ச அதிகாரத்தை, மக்கள் இன்னொருவரிடம் ஒப்படைக்கவே முடியாது என்று 1762இல் எழுதிய தத்துவஞானி ரூசோவும், முடிவெடுப்பதில் மக்களே நேரடியாகப் பங்கேற்க வேண்டும் என்று அவர் வழியில் வந்த பங்கேற்பு மக்களாட்சியாளர்களும் இதை ஏற்கமாட்டார்கள். இவ்விரு தரப்பையும் நேரில் ஒப்பிட உகந்த இடம் கிராம சபை. 1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசமைப்புத் திருத்தத்தின்படி ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். குடியரசு நாள், உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22, மே நாள், விடுதலை நாள், காந்தி பிறந்த நாள், உள்ளாட்சி நாளான நவம்பர் 1 ஆகியவை தமிழ்நாட்டில் அது கூடும் நாட்கள். ஒருமுறை சென்று முழுவதும் அமர்ந்திருங்கள். தீர்மானத்தின் மதிப்பு அதற்கு முன் பரிமாறப்பட்ட காரணங்களில் இருக்கிறது என்னும் ஜெர்மானியத் தத்துவஞானி ஹாபர்மாஸின் கலந்தாய்வுக் கோட்பாடு, முன்னரே எழுதிவைத்த தீர்மானத்துக்குக் கையொப்பம் மட்டும் வாங்கும் கூட்டத்தில் இருந்து பார்த்தவருக்கு எளிதில் விளங்கும்.

பெரும்பான்மை பற்றிய பக்கத்துக்குச் சற்று அதிக இடம் விடுங்கள். ஊரார் எண்ணிக்கையில் மிகுதியாக இருந்து, காலனிக்குச் செல்லும் குழாயைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று முறைப்படி வாக்களித்தால் அது மக்களாட்சிதானா? பெரும்பான்மையின் கொடுங்கோன்மை குறித்து பிரெஞ்சுச் சிந்தனையாளர் டோக்வில்லும் ஆங்கிலேயத் தத்துவஞானி மில்லும் 19ஆம் நூற்றாண்டிலேயே எச்சரித்தார்கள் என்றாலும், நம் சூழலுக்கு அம்பேத்கர் 1949 நவம்பர் 25 அன்று அரசமைப்பு அவையில் ஆற்றிய உரையே கூர்மையானது. அரசியலில் ஒருவருக்கு ஒரு வாக்கு என்ற சமத்துவமும், சமூகப் பொருளாதார வாழ்வில் ஏற்றத்தாழ்வும் சேர்ந்திருக்கும் முரண்பாட்டை நீண்ட காலம் நீடிக்கவிட்டால் அரசியல் மக்களாட்சியே ஆபத்துக்குள்ளாகும் என்றார் அவர். 1925இல் தோன்றிய சுயமரியாதை இயக்கமும் பிறப்பால் வரும் அதிகாரத்துக்கே அஞ்சியது. மேலை நாட்டுப் பாடநூல்களின் பட்டியலில் சமூகநீதிக்குத் தனித் தலைப்பு பெரும்பாலும் இராது. உங்கள் நோட்டில் அது கட்டாயம் இருக்க வேண்டும்.

இனி இரண்டாவது கேள்வி. தாராளவாதம் கட்டற்ற அதிகாரத்துக்கு, முதன்மையாக அரசின் அதிகாரத்துக்கு, அஞ்சுகிறது. பழமைவாதம், தலைமுறைகள் சேர்ந்து உருவாக்கியதை ஒரே திட்டத்தில் இடித்துவிடும் அவசரத்துக்கு அஞ்சுகிறது. இவ்விரண்டும் ஒருவரிடமே கலந்திருப்பதைக் காண, ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த இராஜாஜியைப் படிக்கலாம். பெர்மிட், லைசென்ஸ், கோட்டா என்று எல்லாவற்றையும் அரசு கையில் வைத்திருப்பதை எதிர்த்து 1959இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கியவர்களுள் முதன்மையானவர் அவர். ஆனால் 1937இல் சென்னை மாகாணப் பிரதமராக இருந்தபோது, இன்றைய தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அடங்கியிருந்த அன்றைய சேலம் மாவட்டத்தில், சட்டத்தின் வலிமையால் மதுவிலக்கைக் கொண்டுவந்தவரும் அவரே. தலைவர்களை ஒரே பெட்டியில் அடைக்க முயலாதீர்கள். எந்த அச்சம் எந்தச் சமயத்தில் மேலோங்கியது என்று மட்டும் குறித்துவையுங்கள்.

சமதர்மத்தின் அச்சம் உடைமை தரும் அதிகாரத்தைப் பற்றியது. ஆழமாகப் போர்வெல் போடப் பணமுள்ளவரின் தோட்டத்துக்கு நீர் கிடைக்கிறது, பக்கத்துக் கிணறு வற்றுகிறது, இதில் அரசு எதையும் தடுக்கவில்லை என்பதையே சுதந்திரமாகக் கொள்ளலாமா என்று அது கேட்கும். தேர்தல் வழியாகவே உடைமை உறவுகளைச் சீர்திருத்தலாம் என்போர் சமூக மக்களாட்சியாளர்கள், அரசே உடைமை வர்க்கத்தின் கருவி என்போர் புரட்சியாளர்கள். 1970களின் இறுதியில் தருமபுரிப் பகுதியில் வேரூன்றிய நக்சல் இயக்கம் இரண்டாம் தரப்பைச் சேர்ந்தது. அதை ஆதரிப்பதோ எதிர்ப்பதோ பிறகு இருக்கட்டும், நாடாளுமன்ற வழியை அது ஏன் நம்பவில்லை என்பதை முதலில் அதன் தரப்பிலிருந்தே எழுதிப் பாருங்கள்.

தேசியவாதம் சிதைவுக்கு அஞ்சும். 1925இல் பாப்பாரப்பட்டியில் மறைந்த சுப்பிரமணிய சிவா அங்கே பாரத மாதாவுக்குக் கோயில் எழுப்ப முனைந்தவர். அவருக்கு மக்கள் என்போர் இந்தியர் முழுமையும். 2008இல் ஒகேனக்கல் திட்டம் இரு மாநிலங்களுக்கிடையே பூசலானபோதோ, மக்கள் என்ற எல்லை மொழியளவில் சுருங்கியது. பெண்ணியம், குடத்தைத் தூக்குபவர் யார் என்று கேட்டு, வீட்டுக்குள் மறைந்திருக்கும் அதிகாரத்தைக் காட்டும். சூழலியம், திரும்பப் பெற முடியாத இழப்புக்கு அஞ்சி, நிலத்தடி நீர்மட்டத்தைப் பற்றிப் பேசும்.

பாசிசத்தை மற்றவற்றோடு சமமாக வரிசையில் வைக்காதீர்கள். தோற்றவர் தொடர்ந்து பேசலாம், மறுமுறை போட்டியிடலாம் என்ற விதியையே அது ஏற்பதில்லை. 1922இல் ஆட்சிக்கு வந்த முசோலினி 1926க்குள் எதிர்க்கட்சிகளைத் தடைசெய்தார்.

ஒவ்வொரு பக்கத்தையும் எழுதி முடித்ததும், அக்கொள்கையை நம்பும் ஒருவரிடம் கொடுத்து, தம் தரப்பு சரியாகச் சொல்லப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். அவர் முகம் சுளித்தால் திருத்தி எழுதுங்கள். பிறகு இரண்டு கட்சிகளின் தேர்தல் அறிக்கைகளை எடுத்து, ஒரே துறையை மட்டும் ஒப்பிடுங்கள். வாக்குறுதியைவிட அதற்குச் சொல்லப்படும் காரணத்தைப் பாருங்கள். நகரப் பேருந்தில் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் என்ற ஒன்றையே, ஏழைக் குடும்பத்தின் செலவைக் குறைப்பது என்று ஒருவரும், வீட்டாரிடம் காசு கேட்காமல் பெண் வெளியே செல்ல வழி என்று இன்னொருவரும், சாலையில் வண்டிகளைக் குறைக்கும் வழி என்று மூன்றாமவரும் ஆதரிக்கலாம். மூவரும் உங்கள் நோட்டின் வெவ்வேறு பக்கங்களுக்கு உரியவர்கள்.