ஸ்டோக்சே கோட்டை: பார்க்கப் போகிறவர்கள் எங்கே தவறு செய்கிறார்கள்?

இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில், லட்லோவிலிருந்து சுமார் ஏழு மைல் தள்ளி நிற்கிறது ஸ்டோக்சே. பெயரோடு கோட்டை ஒட்டிக்கொண்டிருப்பதால் போர்க்களம் தேடி வருகிறவர்களுக்கு ஏமாற்றமே மிஞ்சும். இது லாரன்ஸ் என்ற கம்பளி வியாபாரி 1280களில் கட்டத் தொடங்கிய வீடு. அரண் வைத்துக்கொள்ள 1291இல் முதலாம் எட்வர்ட் மன்னர் அனுமதி தந்தார். ஆனால் கூடத்து ஜன்னல்களின் அளவைப் பாருங்கள். முற்றுகைக்கு அஞ்சியவர் இவ்வளவு பெரிய ஜன்னல் வைத்திருப்பாரா?

அடுத்த தவறு வாசலிலேயே நடக்கிறது. மஞ்சள் பூசிய மரச்சட்ட வாயில் வீட்டைப் பார்த்ததும் "இதுதான் இடைக்காலம்" என்று படமெடுத்துத் தள்ளுகிறார்கள். அது 1640ஐ ஒட்டிக் கட்டப்பட்டது, கூடத்துக்கு 350 ஆண்டு இளையது. ஆதாம் ஏவாள் செதுக்கல்கள் அழகானவை, அவசியம் பாருங்கள். காலத்தை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

எங்களுக்கு மிகவும் வருத்தம் தருவது, கூடம் காலியாக இருக்கிறதென்று இரண்டே நிமிடத்தில் கடந்துவிடுவது. வீட்டின் உயிரே அங்குதான். ஏறக்குறைய 54 அடி நீளம், 31 அடி அகலம். நடுவில் ஒரு தூண்கூட இல்லை. தரையில் எண்கோண அடுப்புத் தடம் தெரியும். புகைபோக்கி கிடையாது, புகை கூரைக்குத்தான் ஏறியது. அந்தத் தடத்தருகே நின்று அண்ணாந்து பாருங்கள். வளைந்த பெருமரங்கள் 13ஆம் நூற்றாண்டுக் கூரையைத் தாங்குகின்றன. அவற்றின் கீழ்முனைகள் முன்பு இன்னும் தாழ இறங்கியிருந்தன. இப்போது அவை உட்கார்ந்திருக்கும் கல் தாங்கிகள் 19ஆம் நூற்றாண்டில் வைத்தவை. வடக்கு ஓரத்து மரப்படிக்கட்டும் 13ஆம் நூற்றாண்டுதான். கண் இருட்டுக்குப் பழகவே சில நிமிடம் ஆகும், இருபது நிமிடமாவது ஒதுக்குங்கள்.

வீட்டுத் தலைவரின் தனியறைக்குப் படி வெளிப்புறத்தில் இருக்கிறது. கூடத்திலிருந்து வெளியேறியதும் நேரே தெற்குக் கோபுரத்துக்குப் போகிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். உள்ளே உள்ள மரப்பலகை வேலைப்பாடு 17ஆம் நூற்றாண்டு. அங்கிருந்து கூடத்தைக் கவனிக்கச் சிறு துளைகள் உண்டு, ஒருமுறை எட்டிப்பாருங்கள்.

குதிகால் உயர்ந்த செருப்பு வேண்டவே வேண்டாம். உடல் எடை முழுவதும் ஒரு புள்ளியில் இறங்கிப் பழைய மரத்தில் குழி விழும். முதுகுப்பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள், முதுகில் இருந்தால் திரும்பும்போது செதுக்கலில் உரசும். கைவிரல் எண்ணெயும் வியர்வையும் மரத்தில் படிந்து அழுக்கைப் பிடித்துவைக்கும். கோபுரத்தில் படிகள் சுவருக்குள்ளேயே குறுகலாக ஏறுகின்றன. இறங்குகிறவர்களுக்கு வழிவிட்டு அப்புறம் ஏறுங்கள். படி ஏற முடியாதவர்களுக்கு மேல்தளங்கள் எட்டாது, ஆனால் முற்றமும் கூடமும் போதுமான அளவு நிறைவு தரும். கல் சுவர் என்பதால் கோடையிலும் உள்ளே குளிரும், ஒரு மேல்சட்டை கையில் இருக்கட்டும்.

குளிர்காலத்தில் எல்லா நாளும் திறப்பதில்லை. இதைப் பராமரிக்கும் இங்கிலிஷ் ஹெரிட்டேஜ் அமைப்பின் இணையதளத்தில் அன்றைய நேரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். கிரேவன் ஆர்ம்ஸ் ரயில் நிலையத்திலிருந்து ஒரு மைல்போல நடை.

பக்கத்துத் தேவாலயத்தைப் பார்க்காமல் திரும்பிவிடாதீர்கள். 1640களின் உள்நாட்டுப் போரில் சிதைந்து, முடியாட்சி ஒழிக்கப்பட்டு மன்னரே இல்லாத 1654இல் மறுபடி எழுப்பப்பட்டது அது. அந்த ஆண்டுகளில் இங்கிலாந்தில் எழுந்த தேவாலயங்கள் மிகக் குறைவு.