கேத்தி ஸ்டேஷனில் நின்று டைரக்டர்களைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கு

குன்னூரில் குடியிருந்தால் ஒரு தொல்லை உண்டு. கீழே இருந்து சொந்தக்காரர் வந்தாலும் சரி, கூடப் படித்தவன் வந்தாலும் சரி, இரண்டாம் நாள் காலையில் "அந்த மூன்றாம் பிறை ஸ்டேஷனைக் காட்டுப்பா" என்பார்கள். நானும் கூட்டிக்கொண்டு போவேன். அந்தப் படத்தின் கடைசிக் காட்சி எடுத்த கேத்தி பிளாட்பாரத்தில் வர்க்கியைக் கடித்துக்கொண்டே ஆளாளுக்குப் பெரிய டைரக்டர்கள் மீது தீர்ப்பு எழுத ஆரம்பிப்பார்கள். யாருக்கு எந்தப் படம் பிடிக்கிறது என்பது அவரவர் விருப்பம், அதில் எனக்குத் தகராறு இல்லை. ஆனால் கேட்கிற தவறுகள் மட்டும் வருஷா வருஷம் அதேதான்.

முதல் தவறு, இந்த ஸ்டேஷன் காட்சியை மட்டும் வைத்துப் படத்தை எடை போடுவது. "கமல் ஓவர் ஆக்டிங்" என்று போன மாதம்கூட ஒரு தம்பி சொன்னான். முழுப் படம் பார்த்தாயா என்றால் இல்லையாம், மிமிக்ரி மேடையில் பார்த்ததுதானாம். தலையில் பானையை வைத்துக்கொண்டு குரங்காட்டம் ஆடுவதைத் தனியாக வெட்டி எடுத்துப் பார்த்தால் யாருக்கும் சிரிப்புதான் வரும். ஆனால் கதையில், நினைவு தப்பிக் குழந்தை போலாகிவிட்ட ஸ்ரீதேவியைக் கமல் நடித்த சீனு வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறான், குணமானதும் அவளுக்கு அவனை நினைவில்லை. அந்தச் சேட்டைகள் எல்லாம் அவளைச் சிரிக்க வைக்க முன்பு அவன் வீட்டில் செய்தவை, அவை நினைவுக்கு வந்தாலாவது தன்னை அடையாளம் தெரிந்துவிடாதா என்று மழையில், சேற்றில், நொண்டிக்கொண்டே ஆடுகிறான், ஜன்னலோரம் இருப்பவளுக்கோ அவன் சாப்பாட்டுக்குக் கையேந்தும் பைத்தியக்காரன். முன்னால் நடந்ததைப் பார்க்காதவர்கள் அந்த ரயிலில் இருக்கும் அவளைப் போலத்தான், அவர்களுக்கும் அவன் யாரென்று தெரியாது.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. தேசிய விருது வாங்கிய படம், பாலு மகேந்திரா படம், அதனால் ஒரு வார்த்தை குறை சொல்லக்கூடாது என்பது. கமலுக்கு நடிப்புக்கும் பாலு மகேந்திராவுக்கு ஒளிப்பதிவுக்கும் விருது கிடைத்தது, இரண்டும் தகும். அதற்காக சில்க் ஸ்மிதா வரும் கிளைக்கதை படத்தோடு ஒட்டவில்லை என்று சொன்னால் என்ன குற்றம்? எனக்கு ஒட்டவில்லை. இத்தனை முறை பார்த்தும் ஒட்டவில்லை.

அடுத்தது பனி. திரையில் புகைமூட்டமாக நாலு மரம் தெரிந்தால் போதும், "என்னா டைரக்‌ஷன்!" என்று விடுவார்கள். இங்கே பிற்பகல் ஆனதும் மேட்டுப்பாளையம் பள்ளத்திலிருந்து மஞ்சு ஏறி வரும். பத்து நிமிஷம் எதிர்வீடு தெரியாது, அப்புறம் எதுவுமே நடக்காத மாதிரி வெயில் அடிக்கும். அது எந்த டைரக்டருக்கும் காத்திருக்காது. அந்தப் பத்து நிமிஷத்தில் முகமும் தெரிய வேண்டும், பனியும் வெளுத்துப் போகக்கூடாது என்றால் அது கேமராமேன் பாடு. மூன்றாம் பிறையில் டைரக்டரும் கேமராமேனும் ஒரே ஆள் என்பதால் பிரச்சினை இல்லை. ஆனால் இதயத்தை திருடாதே பார்த்துவிட்டு ஊட்டிப் பனிக்கு மணிரத்னத்தை மட்டும் பாராட்டினால், கேமராவைப் பிடித்த பி.சி. ஸ்ரீராம் எங்கே போவார்?

அந்தப் படத்தில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அது 1989இல் தெலுங்கில் கீதாஞ்சலியாக வந்தது, நாம் பார்த்தது டப்பிங். மணிரத்னம் நேரடியாகத் தெலுங்கில் எடுத்த ஒரே படம். வாயசைவுக்கு ஏற்ப வெட்டிப் போட்ட தமிழ் வசனத்தைக் காட்டி "இவர் படத்தில் ஆட்கள் இப்படித்தான் பேசுவார்கள்" என்று கிண்டல் செய்வது நியாயமே இல்லை. உயிரேவும் அப்படித்தான், மூலம் இந்தி. அந்த ரயில் பாட்டு எங்கள் மலை ரயிலின் கூரைமேல் எடுத்தது. கதைக்கும் நீலகிரிக்கும் சம்பந்தம் கிடையாது. ரோஜாவில் குன்னூர்ப் பக்கம் காஷ்மீராகவே வந்துபோனது. எனவே "எங்க ஊர்ப் படம்" என்று உள்ளூர்க்காரர்கள் நெஞ்சை நிமிர்த்துவதும் தவறுகளில் ஒன்றுதான். ஊர் வந்திருக்கிறது, ஊர்க்காரன் எங்கே? மூன்றாம் பிறையில் கேத்தியில் வாத்தியார் வேலை பார்க்கும் சீனுவை விட்டால், கொழுந்து பறிக்கிற பெண்கள் பாட்டுக்குப் பின்னால் தலை காட்டியதோடு சரி.

பெயர் மாற்றிச் சொல்வதுதான் எல்லாவற்றிலும் அதிகம். கொடைக்கானல் போனவர்களில் பாதிப் பேர் குணாவைக் கமல் இயக்கிய படம் என்கிறார்கள். அங்கே இருக்கும் குணா குகையை வைத்து எடுத்த மலையாளப் படம் மஞ்ஞும்மல் பாய்ஸ் 2024இல் வந்த பிறகு இது கூடிவிட்டது. 1991இல் அதை இயக்கியவர் சந்தான பாரதி. ஆம், விக்ரம் படத்தில் உப்பிலியப்பனாக வந்த அதே மனிதர். அவரும் பி. வாசுவும் பாரதி-வாசு என்ற பெயரில் 1981இல் எடுத்த முதல் படம் பன்னீர் புஷ்பங்கள், ஊட்டியில் ஒரு பள்ளிக்கூடத்துக் காதல். இரண்டு மலைகளில் இரண்டு படங்கள், பத்து வருஷ இடைவெளி. ஒன்றில் பள்ளிப் பிள்ளைகளின் கூச்சம், மற்றதில் அபிராமி அபிராமி என்று குகைக்குள் ஒளியும் ஒருவன். இரண்டையும் அடுத்தடுத்த நாளில் பார்த்துவிட்டுப் பேசுங்கள். நல்ல டைரக்டர்கள் பட்டியலில் இவர் பெயரை ஏன் யாரும் சேர்ப்பதில்லை என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

நானும் மாட்டியிருக்கிறேன். அன்னக்கிளி பாரதிராஜா படம் என்று ஒரு பெரியவரிடம் அடித்துச் சொல்லி, வர்க்கிப் பொட்டலம் இரண்டு தோற்றேன். கிராமம், இளையராஜா, இரண்டையும் கேட்டால் வாயில் பாரதிராஜா பெயர்தான் வருகிறது. ஆனால் அவருடைய 16 வயதினிலே 1977. அன்னக்கிளி அதற்கு முந்தைய வருஷம், இயக்கியவர்கள் தேவராஜ்-மோகன். அதுவும் எங்கள் மாவட்டத்திலேயே, தெங்குமரஹடாவில் எடுத்த படம் என்று பெரியவர் சேர்த்துச் சொன்னபோது மானமே போய்விட்டது. அந்த ஊருக்கு மாயாற்றைத் தாண்டிப் போக வேண்டும், வனத்துறை அனுமதியும் வேண்டும். இன்னும் போகவில்லை. கோடநாடு காட்சிமுனையில் நின்று கீழே பார்த்தேன். படம் கருப்பு வெள்ளை என்பதால், அந்த வயல்கள் இவ்வளவு பச்சை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.