ஊர்ப்பற்றைக் கேட்டு எழுதுவது எப்படி: நெல்லைச் சீமையை முன்வைத்துச் சில வழிமுறைகள்

"உங்கள் ஊர் உங்களுக்குப் பிடிக்குமா?" என்று யாரிடம் கேட்டாலும் "சொந்த ஊர் பிடிக்காமல் இருக்குமா?" என்ற ஒரே பதில்தான் வரும். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு ஒரு பத்திகூட எழுத முடியாது. வட்டாரப் பண்பாட்டைப் பற்றி ஆய்வேடு எழுதும் மாணவர்களும், தங்கள் ஊரின் வரலாற்றைத் தொகுக்க விரும்புபவர்களும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். ஊரைப் பற்றிய உணர்வு மனிதர்களின் தொழிலிலும், அவர்கள் கோயிலுக்குக் கட்டும் வரியிலும், வாயில் புழங்கும் சொல்லிலும் கலந்து கிடப்பதால், உணர்வைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டு அந்தப் பொருள்களைப் பற்றிக் கேட்பதே சரியான வழி. அதை எப்படிச் செய்வது என்பதைப் பழைய திருநெல்வேலி மாவட்டத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கே விளக்குகிறேன்.

முதலில் வட்டாரத்தின் எல்லையை முடிவு செய்ய வேண்டும். இதற்கு மாவட்ட வரைபடம் உதவாது. 1986-இல் தூத்துக்குடி மாவட்டமும் 2019-இல் தென்காசி மாவட்டமும் பிரிந்த பிறகும், சென்னையில் கடை வைத்திருக்கும் உடன்குடிக்காரர் தன்னைத் திருநெல்வேலிக்காரர் என்றுதான் அறிமுகம் செய்துகொள்வார். அவரே திருநெல்வேலிக்கு வந்தால் திருச்செந்தூர்ப் பக்கம் என்பார். திருச்செந்தூரில் கேட்டால் ஊரின் பெயரைச் சொல்வார். ஊருக்குள் கேட்டால் தெருவைச் சொல்வார். "உங்களுக்கு எந்த ஊர்?" என்ற கேள்வியை ஒருவரிடம் வெவ்வேறு இடங்களில் வைத்துக் கேட்டு, ஒவ்வொரு பதிலையும் குறித்துக்கொள்ளுங்கள். அவர் தன்னை எத்தனை வட்டங்களுக்குள் வைத்துப் பார்க்கிறார் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

அடுத்து மண்ணுக்கு வர வேண்டும். பேருந்தில் இரண்டு மணி நேரத் தொலைவுக்குள் இந்தச் சீமையில் மூன்று மண் இருக்கிறது: தாமிரபரணிக் கரையின் வயல்; கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல்; சாத்தான்குளம், உடன்குடி பக்கத்துத் தேரி, அதாவது செம்மணல் மேடு. மூன்று இடங்களிலும் "உங்கள் நினைவில் நல்ல வருஷம் எது?" என்ற ஒரே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். ஆற்றங்கரை விவசாயி காரும் பிசானமும், அதாவது நெல்லின் இரண்டு போகமும், தப்பாமல் விளைந்த வருஷத்தைச் சொல்வார். அவருடைய கணக்கு, பாபநாசம் அணையிலிருந்து எந்தத் தேதியில் தண்ணீர் திறந்தார்கள் என்பதிலிருந்து தொடங்கும். கரிசல்காட்டுச் சம்சாரியோ (அங்கே விவசாயியை அப்படித்தான் சொல்வார்கள்) ஐப்பசி மழை நேரத்துக்குப் பெய்த வருஷத்தைச் சொல்வார். அவருக்கு அணையும் இல்லை, மதகும் இல்லை. ஆற்றங்கரைக்காரரின் பேச்சில் ஊரைப் பற்றிய ஒரு நிம்மதியும், கரிசல்காரரின் பேச்சில் இந்த மண்ணோடு போராடி நின்றோம் என்ற பெருமிதமும் மேலோங்கி இருப்பதை நீங்களே உணர்வீர்கள். இரண்டும் ஊர்ப்பற்றுதான், ஆனால் ஒன்றின் சொற்களால் மற்றதை எழுதிவிட முடியாது.

தொழிலைப் பற்றிக் கேட்கும்போது, கேட்கும் இடத்தையும் நேரத்தையும் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். பனைத்தொழில் செய்த குடும்பங்களைப் பற்றி எழுதுவதற்காகத் தேரிப் பக்கம் போனபோது, ஒரு மூதாட்டியின் வீட்டுத் திண்ணையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தும் எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. மறுநாள் அவரே என்னை விளைக்குள், அதாவது பனந்தோப்புக்குள், அழைத்துக்கொண்டு போனார். அங்கே விடிலியில், அதாவது கருப்பட்டி காய்ச்சும் ஓலைக் கொட்டகையில், அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்த பிறகுதான் அவருடைய பேச்சு மாறியது. காய்ந்த ஓலையை அடுப்புக்குள் தள்ளிக்கொண்டும், பொங்கி வரும் நுரையைப் பார்த்துக்கொண்டும், பாகின் பதத்தைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு விரலால் உருட்டிப் பார்த்துக்கொண்டும் அவர் தன் கல்யாணத்தைச் சொன்னார், பஞ்சத்தைச் சொன்னார், மகன் மும்பைக்குப் போன நாளைச் சொன்னார். பாகைச் சிரட்டைகளில் ஊற்றி முடித்ததும் பேச்சும் நின்றுவிட்டது. அவருக்கு ஊர் என்பது தெருவில் இருந்த வீடு அன்று. பருவகாலத்தில் குடும்பத்தோடு வந்து தங்கிய அந்த விடிலிதான். ஆகவே மனிதர்களை அவர்கள் கைவேலை நடக்கும் இடத்தில் சந்தியுங்கள்.

இந்தச் சீமையில் ஊர்ப்பற்றின் முழு உருவத்தையும் காண வேண்டுமென்றால் கோயில் கொடைக்கு, அதாவது ஊர்ச்சாமிக்கு எடுக்கும் திருவிழாவுக்கு, போக வேண்டும். கொடை நடக்கும் மாதம் ஊருக்கு ஊர் மாறும் என்பதால், விழாவுக்குப் பந்தக்கால் ஊன்றும் கால்நாட்டு நாளை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கொடையன்று வில்லுப்பாட்டை முழுவதும் கேளுங்கள். சாமி எந்த ஊரிலிருந்து புறப்பட்டது, எங்கே ஆற்றைக் கடந்தது, எந்த மரத்தடியில் நிலையம் (குடியிருக்க இடம்) கேட்டது என்று பாடும்போது வரும் ஊர்ப்பெயர்களையெல்லாம் வரிசையாக எழுதுங்கள். மக்கள் தங்கள் சீமை என்று மனத்துக்குள் வைத்திருக்கும் நிலப்பரப்பு அந்தப் பெயர்களுக்குள் இருக்கிறது.

கொடைக்கு முன்பு தலைக்கட்டு வரி பிரிப்பார்கள். திருமணமாகித் தனிக்குடும்பம் ஆன ஒவ்வொருவரும் ஒரு தலைக்கட்டு. வரி நோட்டை வைத்திருப்பவரிடம் அனுமதி கேட்டு அதைப் புரட்டிப் பாருங்கள். நாற்பது ஆண்டுகளாக ஊரில் குடியிருக்காதவர்களின் பெயர்களும் அதில் இருக்கும். சென்னையிலிருந்தும் வளைகுடா நாடுகளிலிருந்தும் அவர்கள் தவறாமல் பணம் அனுப்புவது, வரி கொடுக்கும்வரை தங்களுக்கும் இந்த ஊரில் ஓர் இடம் உண்டு என்பதற்காகத்தான். பங்குனி உத்திரத்தன்று, குடும்பத்துக்கென்று உள்ள குலசாமியான சாஸ்தாவின் கோயில்களுக்கு வரும் கூட்டமும் அப்படியே. காட்டுக்குள்ளும் குளத்தங்கரையிலும் ஆண்டெல்லாம் ஆளரவமின்றிக் கிடக்கும் கோயில்களைச் சுற்றி அன்று அடுப்பு மூட்டிப் பொங்கல் வைக்க இடம் கிடைக்காது. தங்கள் சாஸ்தா எதுவென்று மறந்துபோன குடும்பங்கள்கூடப் பாபநாசம் மலையிலுள்ள காரையாறு சொரிமுத்து அய்யனாரிடம் போய் நிற்கின்றன.

ஊரைவிட்டு வெகுதூரம் போய்க் குடியேறியவர்கள் தாய்க்கோயிலிலிருந்து பிடிமண் எடுத்துச் சென்று, போன இடத்தில் அதே சாமிக்குப் பீடம் எழுப்புகிறார்கள். ஒரு கைப்பிடி மண்ணைத் துணியில் முடிந்து ரயிலில் கொண்டுபோனவரிடம், அந்தப் பயணத்தைப் பற்றி மட்டும் கேளுங்கள். மண்ணை யார் எடுத்தார், வழியில் அதைக் கீழே வைத்தார்களா, இறக்கிய இடத்தில் முதலில் என்ன செய்தார்கள் என்று கேட்டுக்கொண்டே போனால், "பிறந்த மண் மீது உங்களுக்கு என்ன உணர்வு?" என்ற கேள்விக்கு இடமே இருக்காது.

இவ்வளவோடு நிறுத்தினால் நீங்கள் எழுதுவது பாதி ஊர்தான். வரி நோட்டில் யாருடைய பெயர் இல்லை என்பதையும் பார்க்க வேண்டும். ஊர் என்ற சொல்லுக்குள்ளேயே சேர்க்கப்படாமல் தனியே ஒதுக்கப்பட்ட தெருக்கள் இருக்கின்றன. அந்தத் தெருவில் பிறந்தவருக்கு ஊரைவிட்டுப் போனதே விடுதலையாக இருந்திருக்கலாம். அவரிடமும் போய் உட்காருங்கள். அவர் ஊரைத் திட்டினால் அதை மென்மையாக்காமல் எழுதுங்கள். பெண்களிடம் பேசும்போது பிறந்த ஊரைப் பற்றியும் வாக்கப்பட்ட ஊரைப் பற்றியும் தனித்தனியாகக் கேளுங்கள். இருபது வயதில் சாமியையும் சமையலையும் பேச்சையும் மாற்றிக்கொள்ள நேர்ந்தவர்களுக்கு ஊர்ப்பற்று இரண்டாகப் பிரிந்து கிடக்கும். பல வேளைகளில் குழம்புக்கு எதை அரைத்து ஊற்றுகிறார்கள் என்பதில்தான் பிறந்த ஊர் மிஞ்சியிருக்கும்.

எழுதும்போது அவர்களுடைய சொல்லை மாற்றாதீர்கள். "வருதேன்", "இருக்காவ" என்று சொன்னவரின் பேச்சைத் திருத்தி "வருகிறேன்", "இருக்கிறார்கள்" என்று எழுதினால், அவர் எந்த ஊர்க்காரர் என்பதே அழிந்துபோகும். உங்கள் விளக்கம் எழுத்துத் தமிழில் இருக்கட்டும். அவர்களுடைய கூற்று அவர்களுடைய தமிழில் இருக்கட்டும். பொருள் புரியாத சொல்லுக்கு, முதல்முறை வரும்போது மட்டும் அருகிலேயே விளக்கம் கொடுத்தால் போதும்.

அச்சுக்கு அனுப்புமுன் எழுதியதை அவர்களிடமே வாசித்துக் காட்டுங்கள். அந்த மூதாட்டிக்கு வாசித்துக் காட்டியபோது, நான் "குடிசை" என்று எழுதியிருந்த ஓர் இடத்தில் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். "குடிசையில் இல்லாதவன் இருப்பான், நாங்க விடிலியில் இருந்தோம்" என்றார். அந்தப் பக்கத்தை அவருக்கு முன்னாலேயே திருத்தி, ஒரு படியை அவர் பேத்தியிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.